தினமும் தேய்த்துக் குளிக்கிற அம்மாவின் காலில் கிருமி எப்படிப் போனது?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 63. பதினான்கு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. ஈரோடு மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். வீட்டில் இரண்டு மாடுகள், போர்வெல் தண்ணீர். அம்மா சுத்தம் பார்ப்பவர். காலையும் மாலையும் நல்ல சூடான வெந்நீரில், பீர்க்கங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் குளிப்பார். வாளியில் கிருமிநாசினி ஊற்றிக்கொள்வார், சோப்பும் கிருமிநாசினி சோப்புதான். அப்படியிருந்தும் இரண்டு மாதத்துக்கு முன் வலது கால் முழங்காலுக்குக் கீழே வீங்கிச் சூடாகி, குளிர்காய்ச்சல் வந்துவிட்டது. தொடையிடுக்கில் நெறி கட்டியது. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் வைத்து ஊசி போட்டார்கள். “இது செல்லுலைட்டிஸ் என்ற தோல் தொற்று, கால்விரல் இடுக்கு வழியாகக் கிருமி உள்ளே போயிருக்கிறது” என்றார்கள். இப்போது வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் கணுக்காலுக்கு மேலே தோல் மீன் செதில் மாதிரி இருக்கிறது, இரவில் அரிப்பு, குதிகாலில் பித்தவெடிப்பு. பயந்துபோய் அம்மா முன்னைவிட அதிகமாகத் தேய்க்கிறார். “தோல்னா மேல போத்தியிருக்கிற துணி மாதிரிதானே, தொவைச்சா சுத்தமாயிரும்” என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது? திரும்ப வராமலிருக்க என்ன செய்யவேண்டும்?

பதில்: அம்மா நாரால் காலைத் தேய்க்கும்போது சாம்பல் நிறத்தில் திரி திரியாக உருண்டு வருமே, அதிலிருந்து தொடங்குகிறேன். அதை அழுக்கு என்று சொல்லித்தான் நமக்குப் பழக்கம். உண்மையில் அதில் அழுக்கு கொஞ்சம்தான். பெரும்பகுதி தோலின் மேல்படலச் செல்கள். கிருமி உள்ளே வராமல் தடுக்கிற சுவரே அந்தப் படலம்தான். நாளுக்கு இரண்டு வேளை அதைச் சுரண்டி எடுத்து, அழுக்கு போய்விட்டது என்று நிம்மதியாக இருந்திருக்கிறார். கிருமிக்கு வழி விட்டதில் இந்தச் சுத்தத்துக்கும் பங்கு உண்டு. கேட்கச் சங்கடமாக இருக்கும், ஆனால் அம்மாவிடம் முதலில் சொல்லவேண்டியது இதைத்தான்.

அந்தச் சுவரின் பருமன் எவ்வளவு தெரியுமா? உள்ளங்கை, உள்ளங்காலை விட்டுவிட்டால், உடம்பின் பெரும்பாலான இடங்களில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றோ இரண்டோ பங்குதான். தலைமுடி ஒன்றின் குறுக்களவைவிடக் குறைவு. அதற்குள் பதினைந்து, இருபது அடுக்குச் செல்கள் தட்டையாக ஒன்றன்மேல் ஒன்று கிடக்கின்றன. உயிர் போன செல்கள்தான், கெரட்டின் என்ற புரதம் நிறைந்தவை. அவற்றைச் செங்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். செங்கல்லுக்கு நடுவே சாந்தாக இருப்பது கொழுப்பு. அதில் ஏறக்குறையப் பாதி செராமைடு, மீதியில் கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலங்களும். தண்ணீரும் கிருமியும் எளிதில் கடக்க முடியாதது இந்தச் சாந்தைத்தான். மேல்தோலின் அடியில் பிறக்கும் ஒரு செல் மேலே வந்து, செங்கல்லாகி, உதிர்ந்து போக ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும். வயது கூடக் கூட இந்த வேலை மெதுவாகிறது. இருபது வயதுப் பெண் நாரால் தேய்த்தால் இரண்டு மூன்று நாளில் சுவர் சரியாகிவிடும். அறுபதைத் தாண்டியவருக்கு அதைவிட அதிக நாள் பிடிக்கும். அதற்குள் அடுத்த குளியல், அதற்கடுத்த குளியல் என்று வந்துகொண்டே இருந்தால் சுவர் எப்போது எழும்பும்?

துணி மாதிரிதானே என்ற கேள்விக்குத் தீக்காயப் பிரிவில் போடும் ஒரு கணக்கு நல்ல பதில். நல்ல தோல் வழியாக, வியர்க்காமல் இருக்கும்போதும், நாளொன்றுக்கு அரை லிட்டருக்கும் குறைவான நீர் ஆவியாகிக்கொண்டிருக்கும். அதுவே 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு உடம்பில் 30 விழுக்காடு தோல் வெந்துவிட்டால், முதல் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 6 லிட்டர் திரவத்தை இரத்தக் குழாய் வழியாக ஏற்றவேண்டி வரும். அதில் பாதியை முதல் 8 மணி நேரத்துக்குள். வெந்த இடத்தில் நீர் கசிந்து வெளியேறுகிறது, இரத்தக் குழாய்களிலிருந்தும் ஒழுகித் திசுக்களில் தேங்குகிறது. அந்தக் கட்டத்தைத் தாண்டியவரையும் அடுத்துக் கிருமி பிடித்துக்கொள்கிறது. கிழிந்தால் மாற்றிக்கொள்கிற துணி இல்லை இது.

சுவர் மட்டும் போதாதென்று அதன்மேல் ஒரு புளிப்புப் பூச்சும் உண்டு. நல்ல தோலின் மேற்பரப்பு அமிலத்தன்மை உடையது, பி.எச். அளவு (7-க்குக் கீழே என்றால் அமிலம், மேலே என்றால் காரம்) 5-ஐ ஒட்டி இருக்கும். சாந்துக் கொழுப்பைத் தயாரிக்கிற நொதிகள் அந்தப் புளிப்பில்தான் சரியாக வேலை செய்யும். நோய்க்கிருமிகள் பலவற்றுக்கு அது ஒத்துவராது. தோலிலேயே குடியிருக்கிற நல்ல பாக்டீரியாக்களுக்கு ஒத்துவரும். ஸ்டெஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்ற வகை அவற்றில் முக்கியமானது. இடத்தையும் உணவையும் அது பிடித்துக்கொள்வதால் வெளியார் வந்து தங்குவது கடினம். நாம் வாங்கும் சோப்பின் பி.எச். 9, 10 என்று இருக்கும். ஒருமுறை சோப்பு போட்டால் தோல் பழைய புளிப்புக்குத் திரும்பச் சில மணி நேரம் தேவை. சோப்பு உறையில் டி.எஃப்.எம். 76 விழுக்காடு என்று பார்த்து வாங்குவோர் உண்டு. அது சோப்பில் கொழுப்புப் பொருள் எவ்வளவு என்று காட்டும் எண். முதல்தரச் சோப்பும் காரம்தான்.

வியர்வைக்கும் இதில் வேலை உண்டு. உடம்பைக் குளிர்விப்பது மட்டுமல்ல, வியர்வைச் சுரப்பிகள் டெர்ம்சிடின் என்ற கிருமிகொல்லிப் புரதத்தையும் தோலின்மேல் பரப்புகின்றன. 2001-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்தார்கள். உங்கள் அம்மாவின் பிரச்சினை இங்கே நேராக வந்து சேர்கிறது. சர்க்கரை பல வருடம் நீடித்தால் கால் நரம்புகள் பாதிக்கப்படும். உணர்ச்சி நரம்பு கெட்டால் மரத்துப்போகும் என்று எல்லோருக்கும் தெரியும். அதே சமயத்தில் வியர்வைச் சுரப்பியை இயக்கும் நரம்பும் கெடுகிறது என்பதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. பாதம் வியர்ப்பதே குறைந்துவிடும். வியர்வை வராத பாதத்துக்கு ஈரம் இல்லை, டெர்ம்சிடினும் இல்லை. மேல்படலத்தில் பத்து விழுக்காடாவது நீர் இருந்தால்தான் அது வளைந்து கொடுக்கும். அதற்குக் கீழே போனால் காய்ந்த சேறு போல வெடிக்கும். பித்தவெடிப்பு என்று பெயர் இருந்தாலும் பித்தத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

சுவருக்கு உள்பக்கம் காவலும் இருக்கிறது. லேங்கர்ஹான்ஸ் செல்கள் மேல்தோலுக்குள் கைகளை நீட்டிக்கொண்டு நிற்கும். அந்நியப் பொருள் ஏதாவது தட்டுப்பட்டால் பிடித்துக்கொண்டு, நெறி கட்டும் இடமான நிணநீர் முடிச்சுக்கு ஓடிப்போய்த் தகவல் சொல்லும். பால் லேங்கர்ஹான்ஸ் 1868-இல், மருத்துவ மாணவராக இருந்தபோது இவற்றைக் கண்டு, நரம்புச் செல் என்று நினைத்துக்கொண்டார். அடுத்த வருடமே கணையத்தில் அவர் பார்த்த திட்டுகள்தான் இன்சுலின் சுரக்கும் இடம் என்று பின்னால் தெரிந்தது. அம்மாவுக்கு நோய் வந்த இரண்டு இடங்களிலும் அவர் பெயர் இருக்கிறது பாருங்கள்.

இனி வாளியில் ஊற்றும் கிருமிநாசினி. அது கெட்ட கிருமி எது, நல்ல கிருமி எது என்று பார்ப்பதில்லை. குடியிருப்போரைக் குறைத்துவிட்டுப் போகும். காலியான இடத்தில் யார் வந்து அமர்வார்கள் என்பது வேறு கதை. அளவு கூடினால், சரியாகக் கரைக்காமல் ஊற்றினால், தோல் எரிந்து சிவந்து அரிக்கும். வெடிப்புள்ள காலுக்கு இது இரட்டைத் தொல்லை. 2016-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் டிரைக்ளோசான் உட்பட 19 கிருமிநாசினிப் பொருள்களைப் பொதுமக்களுக்கான சோப்பு வகைகளிலிருந்து விலக்கியது. சாதாரணச் சோப்பும் தண்ணீரும் செய்வதைவிட அவை கூடுதலாக எதையும் செய்கின்றன என்று தயாரிப்பாளர்களால் நிரூபிக்க முடியவில்லை என்பதே காரணம். வீட்டில் கிருமிநாசினிக்கு வேலையே இல்லை என்று சொல்லவில்லை. தினக் குளியலில் அதற்கு வேலை இல்லை.

சரி, கிருமி போன வழிக்கு வருவோம். கணுக்காலுக்கு மேலே தோல் காய்ந்து வெடித்திருந்தாலும், செல்லுலைட்டிஸ் வந்தவர்களின் காலில் மருத்துவர்கள் முதலில் தேடும் இடம் விரல் இடுக்கு. அங்கே கோளாறு நேரெதிர்: தண்ணீர் அதிகம். நான்காவது விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறுகல், காற்றே போகாது. இரண்டு வேளைக் குளியல், மாட்டுத்தொழுவம், துடைக்காமல் செருப்புப் போடுவது என்று ஈரம் தங்கிக்கொண்டே இருந்தால் தோல் ஊறி வெளுத்து, பஞ்சு போலாகி, பிய்ந்துவிடும். ஊரில் சேற்றுப்புண் என்பார்கள். அந்த ஈரத்தில் பூஞ்சை வளரும், பாக்டீரியா பெருகும். பொதுவாக ஸ்ட்ரெப்டோகாக்கஸ், சில சமயம் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ், அந்தப் பிளவில் நுழைந்து தோலுக்கு அடியிலுள்ள நிணநீர்க் குழாய்கள் வழியாக மேலே ஏறும். தொடையிடுக்கில் நெறி கட்டியது அதனால்தான். அங்கே சண்டை நடந்திருக்கிறது. வேறொருவராக இருந்தால் சேற்றுப்புண் எரியும், கவனித்திருப்பார். மரத்த காலுக்கு எரிச்சல் தெரியாது.

ஆகவே ஒரே காலில் இரண்டு வேலை. முழங்காலிலிருந்து குதிகால் வரை ஈரத்தைத் தக்கவைக்கவேண்டும், விரல் இடுக்கை உலர்வாக வைக்கவேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டால், அதாவது கிரீமை விரல் இடுக்கிலும் அப்பினால், பழையபடி சேற்றுப்புண்தான்.

குளியல். நாளுக்கு ஒருமுறை, ஐந்து நிமிடம், அதிகம் போனால் பத்து. மாலையில் தொழுவத்திலிருந்து வந்தால் கை, கால், முகம் கழுவினால் போதும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். சூடு பார்ப்பது நீங்கள். உங்கள் முழங்கையை வாளியில் விட்டுப் பாருங்கள். அம்மா காலை வைத்துப் பார்க்கக் கூடாது, அந்தக் காலுக்குச் சூடு சரியாகத் தெரியாது. வெந்நீர் சாந்துக் கொழுப்பைக் கரைத்துக்கொண்டு போகும் என்பது ஒரு காரணம், தெரியாமலே காலைச் சுட்டுக்கொள்ளலாம் என்பது இன்னொன்று. வலிக்கு இதமாக இருக்கிறது என்று டப்பில் வெந்நீர் ஊற்றிக் காலை ஊறவைப்பதும், சுடுநீர்ப் பை ஒத்தடமும் அவருக்கு ஆகாது.

சோப்பு அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும். கை, கால், முதுகுக்குத் தண்ணீரே போதும். சாணி, மண் பட்ட இடம் என்றால் கழுவிக்கொள்ளலாம். போர்வெல் தண்ணீர் உப்பாக, கடினமாக இருந்தால் அதிலுள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து வெள்ளைப் படிவாகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். வாளியின் விளிம்பில் படிகிற அதே படிவு. அது காலிலும் இருந்து அரிப்பைக் கூட்டும். சின்டெட் என்று ஒரு வகைக் கட்டி மருந்துக் கடைகளில் கிடைக்கும். பார்க்கச் சோப்பு மாதிரி இருந்தாலும் சோப்பு இல்லை. பி.எச். 5.5 என்று உறையில் அச்சிட்டிருக்கும். கடினத் தண்ணீரில் படிவு விடாது. நுரை குறைவாக வரும், அம்மாவுக்கு முதலில் பிடிக்காது. நாரை நிறுத்தச் சொல்லுங்கள். தேய்க்காமல் குளித்த மாதிரியே இல்லை என்றால் மெல்லிய பருத்தித் துணியைக் கையில் சுற்றிக்கொள்ளட்டும்.

குளித்ததும் துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுக்கவேண்டும். தோல் லேசாக ஈரமாக இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள், ஈரப்பதம் காக்கும் கிரீமைப் பூசவேண்டும். உலர்ந்தபின் பூசினால் பிடித்துவைக்க உள்ளே நீரே இருக்காது. இங்கே பெரும்பாலோர் தவறுவது அளவில். ஆட்காட்டி விரலின் நுனி மடிப்பு வரை டியூபிலிருந்து பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம் வரும்; அது விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவுத் தோலுக்குத்தான் சரியாக இருக்கும். முழங்காலுக்குக் கீழே ஒரு காலுக்குப் பாதத்தோடு சேர்த்து ஐந்து விரல்நுனி வேண்டும், அதாவது இரண்டரை கிராம். இரு காலுக்கும் ஐந்து கிராம். காலையும் இரவும் பூசினால் நாளுக்குப் பத்து, மாதத்துக்கு 300 கிராம். 20 கிராம் டியூப் வாங்கி ஒரு மாதம் ஓட்டினோம், பலனே இல்லை என்பவர்கள் உண்மையில் பூசவே இல்லை. பெரிய டப்பாவாக வாங்குங்கள். விலை கட்டுப்படியாகவில்லை என்றால் வாசனை சேர்க்காத பெட்ரோலியம் ஜெல்லி அற்புதமான பொருள், பிசுபிசுப்புதான் குறை. இரவில் அதைப் பூசிப் பழைய பருத்திச் சாக்ஸைப் போட்டுவிட்டால் படுக்கையில் ஒட்டாது. ஆனால் சாக்ஸோடு நடந்தால் வழுக்கும், கழிப்பறைக்கு எழும்போது கழற்றிவிடவேண்டும்.

கணுக்காலுக்கு மேலே செதில் இருக்கும் இடத்துக்கு 10 விழுக்காடு யூரியா கலந்த கிரீம் நல்லது. யூரியா என்றதும் வயலுக்குப் போடும் மூட்டை நினைவுக்கு வரும். நல்ல தோலிலேயே நீரைப் பிடித்துவைக்க இயற்கையாக இருக்கும் பொருள்களில் அதுவும் ஒன்று. தடித்த குதிகாலுக்கு 20 முதல் 25 விழுக்காடு வரை உள்ளது வேண்டும், ஏனென்றால் அந்த அளவில்தான் தடித்த படலத்தை இளக்கும். வெடிப்பு ஆழமாகி இரத்தம் தெரிந்தால் யூரியா வேண்டாம், எரியும்; ஆறும் வரை பெட்ரோலியம் ஜெல்லியும் சுத்தமான துணியும் போதும். அதை மருத்துவரிடம் காட்டியும் விடுங்கள். குதிகாலை பிளேடால் சீவுவது, ஆணிக்கால் பிளாஸ்திரி ஒட்டுவது இரண்டும் சர்க்கரைக் காலுக்குக் கூடவே கூடாது. பிளாஸ்திரியிலுள்ள சாலிசிலிக் அமிலம் நல்ல தோலையும் சேர்த்துத் தின்னும். வலி தெரியாத காலில் குழி விழுந்த பிறகுதான் கவனிப்பார்கள். வெடிப்பில் சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்து வைப்பதும் அப்படித்தான், சுண்ணாம்பு கடும் காரம்.

எண்ணெய் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அம்மா கேட்பார். தேங்காய் எண்ணெய் பூசலாம். 2004-இல் பிலிப்பைன்ஸில் செய்த ஒரு சிறு ஆய்வில், வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெய் மினரல் ஆயிலுக்கு நிகராக வேலை செய்தது. ஆலிவ் எண்ணெய் விலை உயர்ந்தது, அதனால் நல்லது என்று நினைத்து வாங்கவேண்டாம். 2013-இல் வெளியான ஓர் ஆங்கிலேய ஆய்வில் அது பூசிய இடத்தில் மேல்படலம் பலவீனப்பட்டிருந்தது. அதிலுள்ள ஓலியிக் அமிலம் சாந்தை இளக்குவதாகக் கருதப்படுகிறது. குளிக்கும் முன் எண்ணெய் தேய்த்து, பிறகு பயத்தமாவோ சீயக்காயோ போட்டுக் கழுவிவிட்டால் காலில் எதுவும் மிஞ்சாது. எண்ணெயோ கிரீமோ, குளித்த பிறகுதான் பூசவேண்டும்.

இப்போது விரல் இடுக்கு. இதை அம்மாவால் குனிந்து பார்க்க முடியாமல் போகலாம். வாரத்தில் சில நாளாவது நீங்கள் உட்கார்ந்து பார்க்கவேண்டும், கண்ணாடி வைத்துக்கொண்டால் உள்ளங்காலும் தெரியும். ஒவ்வொரு முறை கால் நனைந்ததும் மெல்லிய துணியின் நுனியை ஒவ்வோர் இடுக்கிலும் விட்டு ஈரத்தை ஒற்றவேண்டும். பவுடர் கொட்டி அடைத்துவிடாதீர்கள், ஈரத்தோடு சேர்ந்து பசை போலாகும். தோல் வெளுத்து ஊறி, நாற்றமும் அரிப்பும் இருந்தால் பூஞ்சைக்கான கிரீம் வேண்டும். டெர்பினாஃபின் என்றால் ஓரிரு வாரத்தில் கேட்கும், குளோட்ரிமசோல் என்றால் நாளுக்கு இருவேளை நான்கு வாரம். அரிப்பு நின்றதும் நிறுத்துகிறவர்களுக்குத்தான் திரும்பத் திரும்ப வருகிறது. இப்போது இந்தியாவில் டெர்பினாஃபினுக்கு மசியாத பூஞ்சை பரவியிருப்பதால், இரண்டு வாரத்தில் மாற்றம் இல்லையென்றால் தோல் மருத்துவரிடம் போய், தோலைக் கொஞ்சம் சுரண்டி எடுத்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையைச் செய்துகொள்ளுங்கள். சில சமயம் அது பூஞ்சையே இல்லாமல் எரித்ராஸ்மா என்ற பாக்டீரியாத் தொற்றாகவும் இருக்கும், சர்க்கரை உள்ளவர்களுக்கு அது அதிகம், மருந்து வேறு.

மருந்துக் கடையில் ‘அரிப்புக்கு ஏதாவது கொடுங்கள்’ என்று கேட்டு மட்டும் வாங்கவேண்டாம். கையில் கிடைப்பது ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து மூன்றும் கலந்த கிரீமாக இருக்க நிறைய வாய்ப்பு. டியூபின் பின்பக்கம் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்ற பெயர்கள் இருந்தால் அது ஸ்டீராய்டு. இரண்டு நாளில் அரிப்பு நின்றுவிடும், அதுதான் ஆபத்து. பூஞ்சை உள்ளே நிம்மதியாகப் படரும், தோல் மெலியும், சுவர் இன்னும் பலவீனமாகும். படர்தாமரை இன்று ஊர் ஊராக ஆறாமல் இழுத்துக்கொண்டிருப்பதில் இந்தக் கலவைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 2018-இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளுக்கு மருந்துச்சீட்டு கட்டாயம் என்று ஆக்கியது. ஆனாலும் கேட்டால் கொடுக்கிறார்கள்.

இரவு அரிப்புக்குப் பெரும்பாலும் வறட்சியே காரணமாக இருக்கும். மேலே சொன்னபடி இரண்டு வாரம் கிரீம் பூசினாலே பாதிக்கு மேல் அடங்கிவிடவேண்டும். அடங்காவிட்டால் வேறு காரணம் தேடவேண்டும். வீட்டில் மற்றவர்களுக்கும் இரவில் அரிக்கிறதா, கைவிரல் இடுக்கிலும் இடுப்பிலும் பொரிப்பொரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் சொறி, வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூசவேண்டும். பதினான்கு வருடச் சர்க்கரை என்பதால் சிறுநீரகமும் காரணமாக இருக்கலாம். இரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் ஆல்புமின், தைராய்டு மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. எதுவானாலும் அம்மாவின் கைநகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். கால்நகத்தை நேராக வெட்டவேண்டும், ஓரங்களைத் தோண்டக் கூடாது.

செருப்பு வீட்டுக்குள்ளும் வேண்டும். எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலார் ரப்பர்) செருப்பு என்று கேட்டால் சர்க்கரை நோய் மருத்துவமனைகளை ஒட்டிய கடைகளில் கிடைக்கும்; அடிப்பகுதி மெத்தென்று அழுத்தத்தைப் பரப்பிவிடும், குதிகாலுக்கு வார் இருப்பதாகப் பாருங்கள். தொழுவத்துக்குத் தனி ரப்பர் செருப்பு வைத்துக்கொள்ளட்டும், தினமும் கழுவி வெயிலில் காயவையுங்கள். சித்திரை, வைகாசியில் கோயில் போவதென்றால் விடியற்காலையில் கூட்டிப் போங்கள். உச்சி வெயிலில் கருங்கல் பிரகாரத்தை வெறுங்காலோடு சுற்றி, வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம் என்று வரும் சர்க்கரை நோயாளிகள் ஒவ்வொரு கோடையிலும் உண்டு.

ஒருமுறை செல்லுலைட்டிஸ் வந்த காலுக்கு மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். அந்தச் சண்டையில் நிணநீர்க் குழாய்கள் கொஞ்சம் சிதைந்துபோகும். வடிகால் அடைபட்ட தெரு மாதிரி நீர் தேங்கும், தேங்கிய நீரில் அடுத்த கிருமிக்கு வேலை எளிது. யானைக்கால் நோயாளிகளுக்குக் காலை எப்படிக் கழுவி, இடுக்கை எப்படித் துடைக்கவேண்டும் என்று தனியாகச் சொல்லிக்கொடுப்பதும் இந்தக் காரணத்தால்தான். மாலையில் கணுக்கால் வீங்கினால் படுக்கும்போது காலுக்கு இரண்டு தலையணை வையுங்கள். அழுத்தக் காலுறையை நீங்களாக வாங்கி மாட்டாதீர்கள். சர்க்கரை உள்ளவருக்குக் கால் தமனியில் இரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே அது. வருடத்தில் இரண்டு முறைக்கு மேல் வந்தால், குறைந்த அளவு பென்சிலினைத் தொடர்ந்து கொடுப்பது பற்றி மருத்துவர் யோசிப்பார். 2013-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், அதை எடுத்துக்கொண்ட காலத்தில் மறுபடி வருவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. நிறுத்திய பின் பலன் மங்கிவிட்டது. ஆக, விரல் இடுக்கைக் கவனிக்காமல் மாத்திரையை மட்டும் நம்ப முடியாது. சர்க்கரை 200-க்கு மேலேயே நின்றுகொண்டிருந்தாலும் இதெல்லாம் வீணாகும், கிருமியை விழுங்கும் வெள்ளணுக்கள் அந்தச் சர்க்கரையில் மந்தமாகிவிடும்.

மறுபடி வருகிறது என்பதை எப்படி அறிவது? புத்தகங்களில் தோல் சிவக்கும் என்று போட்டிருக்கும். நம் நிறத்தில் சிவப்பு பல சமயம் தெரியாது. கருஞ்சிவப்பாக, ஊதாவாக, அல்லது வெறுமே பளபளவென்று இறுகித் தெரியும். புறங்கையை வைத்து இரண்டு காலின் சூட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள், ஒன்று தெளிவாகச் சூடாக இருந்தால் சந்தேகம். சிலருக்குக் கால் மாறுவதற்கு முன்பே நடுக்கத்தோடு காய்ச்சல் வந்துவிடும். பால்பாயின்ட் பேனாவால் வீக்கத்தின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் மணி எழுதி, அன்றே மருத்துவரிடம் போங்கள். கோட்டைத் தாண்டி எவ்வளவு நேரத்தில் எவ்வளவு தூரம் போனது என்பது அவருக்கு மிகவும் உதவும். தோல் கறுத்தாலோ, பெரிய கொப்புளம் எழும்பினாலோ, பார்வைக்குத் தெரிவதைவிட வலி பல மடங்கு இருந்தாலோ, மரத்த காலில் திடீரென்று வலி தெரிந்தாலோ, அம்மா குழம்பிப் பேசினாலோ காலை வரை காத்திருக்காதீர்கள். இரவென்றாலும் அறுவைசிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போகவேண்டும். தசைச் சவ்வு வரை அழுகும் தொற்று அப்படித்தான் தொடங்கும், அதில் மணிக்கணக்குதான்.

அடுத்த முறை சர்க்கரை பார்க்கப் போகும்போது சீட்டோடு அம்மாவின் காலையும் காட்டுங்கள். பெரும்பாலும் செருப்பைக் கழற்றாமலே திரும்பி வந்துவிடுகிறோம். நைலான் இழையால் பாதத்தில் தொட்டு உணர்ச்சி பார்ப்பதற்கு இரண்டு நிமிடம்தான் ஆகும். இதுவரை செய்யவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். அதற்கு முந்தின நாளிலிருந்தே விரல் இடுக்கில் எதையும் பூசவேண்டாம், இருப்பது இருந்தபடி மருத்துவர் கண்ணுக்குத் தெரியட்டும்.